கொல்லிமலைக்குக் கொண்டுபோன மஞ்சள் சாயம்

ஸ்வீடனிலிருந்து வருகிறவள் சாக்லேட் கொண்டுவருவாள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தத் தை மாதம் என் பெட்டியில் இருந்தது ஒரு சின்னக் குப்பி மஞ்சள் சாயம், கொஞ்சம் சிவப்புச் சாயம், அப்புறம் அடியில் தூசிபோல வெள்ளைப் பொடி ஒட்டிய இரண்டு குப்பிகள். தங்கை கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலைக்குப் போகிறேன் என்றதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வருஷத்துக்கு ஒரு தடவை வர்றே. அதுலயும் மலையேறி யாருக்கோ ரத்தம் குத்தப் போறியா? நீ டாக்டரே இல்லியேடி!"

அது உண்மைதான். நான் சோதனைக்கூடத்துக்காரி. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் நானே பக்கத்து வீட்டு ஆளைத்தான் கேட்பேன். ஆனால் கேட்டது உமா. பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதி, சேலத்தில் குழந்தை வைத்தியர். அவள் கேட்டால் எனக்கு மறுக்க வராது.

விஷயம் இதுதான். மலைமேல் திருப்புலி நாட்டில் பழனியம்மா, பெரியசாமி என்று ஒரு தம்பதி. மிளகு, சாமை, குச்சிக்கிழங்கு என்று ஏதோ வெள்ளாமை. மூத்த பையனுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து, கடைசியில் ஈரலில் சீழ்பிடித்து, உமாவின் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். என்ன வியாதி என்று அவள் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. இப்போது இரண்டாவதும் ஆண் குழந்தை, கைக்குழந்தை. அவனுக்கும் அது இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இருந்தால் இப்போதே மருந்தை ஆரம்பித்துக் கட்டி வராமல் காக்கப் பார்க்கலாம். இல்லையென்றால் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பழனியம்மா மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே பிடி. மூத்தவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் வெறுங்கையோடு ஏறியிருக்கிறாள். அவளை எப்படி வற்புறுத்துவது?

இதில் நான் எங்கே வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுவின் மேல்தோலில் ஏற்பிகள் உண்டு. வாசலில் நிற்கும் காவல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாக்கள் சிந்துகிற துண்டுப் புரதங்களுக்குப் பெப்டைடு என்று பெயர். அது வந்து காவல்காரன் கையில் சேர்ந்தால் உள்ளே செய்தி போகும். அணு ஓடிப்போய்க் கிருமியை விழுங்கி, உள்ளுக்குள் அடுப்பு மூட்டிப் பொசுக்கிவிடும். நம் உடம்பும் சும்மா இருப்பதில்லை. தோலில், எச்சிலில், தாய்ப்பாலில் எல்லாம் தன் பங்குக்குப் பெப்டைடுகள் செய்து வைத்திருக்கிறது. அவற்றில் சில காவல்காரனைத் தட்டி எழுப்பும், சில "போதும், உட்காரப்பா" என்று அடக்கும். எது எப்போது எழுப்புகிறது, எது அடக்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இந்தக் குடும்பத்து வியாதியில் காவல்காரனிடம் குறையில்லை, செய்தியும் போகிறது. அடுப்புதான் பற்றுவதில்லை. என் வெள்ளைப் பொடிகளில் ஒன்று, எழுப்புகிற வகை, மனித உடம்பில் இருக்கும் பெப்டைடைப் போலவே தயாரித்தது. மற்றது பாக்டீரியா சிந்துவதைப் போல. ஒரு சொட்டு ரத்தத்துக்கு இரண்டையும் காட்டி, மஞ்சள் சாயத்தையும் ஊற்றினால், அடுப்பு பற்றிய அணு கருநீலமாகும். பற்றாதது ஆகாது. அன்றைக்கு உமாவுக்குத் தெரிந்த வட்டாரத்தில் இதைச் செய்ய ஆளில்லை, அதனால் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் காலை முள்ளுக்குறிச்சியில் சாதிக் பாய் ஜீப்போடு காத்திருந்தார். மலையில் மிளகு வாங்கிக் கீழே விற்கிற வியாபாரி. உமாவிடம் அவர் பேத்திகள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். "வெறும் வயித்துல மலையேறக் கூடாதுங்கம்மா" என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். ஸ்வீடனில் காலையில் குளிர்ந்த ரொட்டி மேல் குளிர்ந்த பாலாடைக்கட்டியை வைத்துத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தேன். வெட்கமில்லாமல் மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினேன். அதற்கான தண்டனை கொண்டை ஊசி வளைவுகளில் காத்திருந்தது.

வளைவுகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் உமா ஆஸ்பத்திரியின் பழைய நுண்ணோக்கி, பச்சைக் குழந்தைபோல. பின்னால் காலிச் சாக்குகளும், மேலே போகிற இரண்டு பெண்களும். ஒரு வளைவில் வாழைத்தார் ஏற்றிய லாரி குறுக்கே நின்றுவிட்டது. அது முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சாதிக் பாய் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். வானம் இருந்தது.

"பாய், பாத்துங்க பாய்!"

"நீங்க பாக்காதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி மற்றவளிடம், "இந்தம்மா பிளேன்ல வந்தவங்களாமா. இதுக்குப் போயி இப்படிப் பயப்படறாங்க பாரேன்" என்றாள். நான் இறங்கிப் போய் ஓரமாகப் பாயாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே பெண் தண்ணீர் ஊற்றி, "வாயைக் கொப்புளிங்க கண்ணு, எல்லாருக்கும் வாரதுதான்" என்று முதுகைத் தடவிவிட்டாள்.

மேலே துணைச் சுகாதார நிலையம் என்பது ஒரு அறையும் ஒரு வராண்டாவும். கரண்ட் இரண்டு நாளாக இல்லை. செல்போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ஒரு கோடும் வரவில்லை. கிராம சுகாதார செவிலியர் ஜெசிந்தா ராசிபுரம் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்தவர், கால் நிலைகொள்ளாத மனுஷி. பேசிக்கொண்டே பெருக்குவார், பெருக்கிக்கொண்டே உலை வைப்பார். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, மிளகு ரசம் ஊற்றினார். அந்த மிளகு உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பியது. ஸ்டாக்ஹோம் கடையில் சீசாவில் விற்பதையும் மிளகு என்றுதான் சொல்கிறார்கள், அநியாயம்.

சாயங்காலம் பழனியம்மா குழந்தையோடு வந்தாள். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. குழந்தையோ கொழுகொழு என்று, பார்க்கிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தது. பெரியசாமி வாசல் தாண்டி உள்ளே வரவில்லை.

என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். குதிகாலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். அம்மாவுக்கும் ஒரு சொட்டு. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க என்னுடையது ஒரு சொட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மூத்தவனுக்கு எம்பாலுதான் சேரலைன்னு எங்க சனம் பூராம் சொல்லுதுங்க. இவனுக்குப் பாலு குடுக்கறப்பெல்லாம் வெசத்தைக் குடுக்கற மாதிரி இருக்குதுங்க. பசிக்கு அழுவறான். குடுக்காம எப்படிங்க இருக்கறது?"

 காரணம் பால் இல்லை என்று உடனே சொன்னேன். சொன்னதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் மூத்தவன் விஷயத்திலும் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். நாளைக்கு அந்தக் குழந்தையின் அணுக்கள் நீலமாகாவிட்டால் இவளிடம் எந்த வாயால் சொல்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் புதன்கிழமை, ஊசி நாள். காலையிலேயே ஜெசிந்தாவுக்குக் கீழிருந்து தடுப்பு மருந்து வந்துவிட்டது, தோளில் மாட்டுகிற நீலப் பெட்டியில், ஐஸ் கட்டிகளோடு. இன்னொரு பெட்டி காலியாக இருந்தது. எனக்கு அது வரப்பிரசாதம். அணுக்கள் வேலை செய்ய உடம்புச் சூடு வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் சூட்டுக்கு எங்கே போவது? காலிப் பெட்டியில் இளஞ்சூட்டு வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து, வெப்பமானியால் பார்த்துப் பார்த்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். பழனியம்மா குழந்தையோடு வந்ததும் குத்தி எடுத்து, மூன்று கண்ணாடித் துண்டுகளில் மூன்று பேர் ரத்தம். அணுக்கள் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் விட்டு, அலசி, பெப்டைடு, மஞ்சள் சாயம். எல்லாவற்றையும் ஈரத்துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவை நீலப் பெட்டிக்குள் இறக்கி மூடினேன். ஸ்வீடனில் இதற்கு என் உயரத்துக்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. அதைவிட இது அழகாக இருந்தது என்று எனக்கே பெருமை.

"அரை மணி நேரமாகும்னீங்களே. அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டு வாங்க, பக்கத்து ஊட்டுல கிழங்கு வேவிச்சிருக்காங்க" என்றார் ஜெசிந்தா. போனேன். குச்சிக்கிழங்கும் காரச் சட்னியும், மலைவாழைப் பழமும். அந்த வீட்டு ஆள் ஸ்வீடனில் என்ன வெள்ளாமை என்று கேட்டார். இந்த மாதத்தில் பனிதான் என்றேன். "அட பாவமே, அப்ப என்னத்தைங்க திங்கறது?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா எவர்சில்வர் டப்பாவைத் தயாராக எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். டப்பா சில்லென்று இருந்தது. தை மாதக் கொல்லிமலையில் எதுதான் சில்லென்று இல்லை? நான் யோசிக்கவில்லை. மூடுபனி விலகிக் கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது. நுண்ணோக்கிக்கு அந்த வெளிச்சம்தான் விளக்கு, அதை விடக்கூடாது என்று அவசரம். அணுக்கள் கண்ணில் படச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஜன்னலோரம் வைத்து, முதலில் குழந்தையுடையதைப் பார்த்தேன்.

எல்லாம் சிவப்பு. ஒன்றில்கூட நீலம் இல்லை.

இடம் மாற்றிப் பார்த்தேன். அடுத்த ஓரம், நடு, மறுபடியும் ஓரம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.  நிமிர்ந்தால் பழனியம்மாவைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குனிந்தே இருந்தேன். ஜெசிந்தா மெதுவாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"இருக்குதுங்களா?" என்றாள் பழனியம்மா.

"இருங்க. இன்னும் முடியலை."

என் ரத்தம் இருந்த கண்ணாடித் துண்டை மாற்றி வைத்தேன். கையை எங்காவது வைக்க வேண்டுமே, அதற்காகத்தான். பார்த்தால், அதுவும் எல்லாம் சிவப்பு.

ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு பீறிட்டு வந்தது. நாற்பதை நெருங்கும் நான், முள் குத்தினாலும் மறுநாள் ஆறிப்போகிற நான், பிறவி வியாதிக்காரியா? என் அணுவே பற்றவில்லை என்றால் கெட்டது சோதனை. அந்தக் குழந்தையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை! இதை விளக்காமல் நான் பாட்டுக்குச் சிரித்ததில் பெரியசாமி முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க? எங்க பொழப்பு சிரிப்பாப் போச்சுங்களா?"

அப்போதுதான் நான் வெந்நீர் வைத்த நீலப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே என் வெந்நீர் பாட்டில்கள் இல்லை. ஐஸ் கட்டிகள் பளபளவென்று அடுக்கியிருந்தன.

"நான்தான் மேடம் மாத்தி வச்சேன்" என்றார் ஜெசிந்தா, கொஞ்சம் பெருமையாகவே. "நீங்க போனதும் தொட்டுப் பாத்தேன், பெட்டி சுடுது! நெஞ்சே நின்னு போச்சு. வேக்சின் பெட்டிக்குள்ள யாராச்சும் சுடுதண்ணி வப்பாங்களா? ஒருக்கா என் பெட்டி சூடாயிருச்சுன்னு மீட்டிங்ல எழுப்பி நிக்க வச்சிட்டாங்க. வெளியூர்லருந்து அவ்வளவு தூரம் கொண்டாந்த மருந்தாச்சே, கெட்டுப்போயிருமேன்னுதான்..."

எங்கள் சோதனைக்கூடத்தில் நாங்கள் வேண்டுமென்றே செய்கிற காரியம் அது. ஐஸில் வைத்தால் பெப்டைடு ஏற்பியின் மேல் போய் ஒழுங்காக உட்காரும், ஆனால் செய்தி உள்ளே போகாது. அணு அப்படியே நிற்கும். எப்போது ஓட வேண்டுமோ அப்போது சூட்டுக்குக் கொண்டுவருவோம். ஜெசிந்தா தன் இத்தனை வருஷப் பழக்கத்தில் எங்கள் மூன்று பேர் அணுக்களையும் அப்படி நிறுத்தி வைத்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "திட்டுங்க மேடம். நாலு அறை வேணாலும் வைங்க."

"அறையறதா? உங்களைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கணும் போல இருக்கு. இந்தச் சிவப்புக்குக் காரணம் ஐஸ் இல்லேன்னு வைங்க, நான் இப்ப இவங்ககிட்ட என்ன சொல்லியிருப்பேன்?"

ஆனால் இன்னொரு தடவை குத்த வேண்டும். பெரியசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருக்கா குத்துனது பத்தாதுங்களா? சேலத்துலயும் இப்படித்தான், இன்னொருக்கா இன்னொருக்கான்னு குத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசில என்னாச்சு?" அவர் சொன்னதில் தப்பில்லை.  ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வெயில் போனால் இன்றைக்கு வெளிச்சம் கிடையாது. சாதிக் பாய் பொழுது சாயுமுன் இறங்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

பழனியம்மா குழந்தையின் சட்டையை ஒதுக்கி, மற்றக் குதிகாலை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"குத்துங்க. தெரியாம இருக்கறதுதாங்க எனக்கு முடியலை."

குழந்தை வீறிட்டது. அவளுக்கும் எனக்கும் மறுபடி ஒரு குத்து. பெரியசாமி வெளியே போய்விட்டார். இந்தத் தடவை ஜெசிந்தா விறகடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்து, வெப்பமானியைத் தானே வாங்கிப் பார்த்து, பெட்டியை மடியில் வைத்துச் சேலையால் போர்த்தி, கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஊசிக்கு வந்த பெண்கள் வராண்டாவில் நின்று, "சிஸ்டரு என்ன அடைகாக்கறாங்க?" என்று சிரித்தார்கள். "கிட்ட வந்தீங்கன்னா கொத்துவேன்" என்றார் ஜெசிந்தா. யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

முதலில் என்னுடையதைப் பார்த்தேன். பாடம் கற்றுக்கொண்டேன் அல்லவா? கருநீலம், மசிப்பொட்டு வைத்தாற்போல. மூச்சு கொஞ்சம் வந்தது. அடுத்துக் குழந்தையுடையது. 

நீலம். பக்கத்தில் இன்னொரு நீலம். நகர்த்தினேன், நீலம். ஓரத்துக்குப் போனேன், அங்கேயும் நீலம். அப்பாடா என்று ஒரு சத்தம் கேட்டது, அது என் வாயிலிருந்துதான் வந்தது. "இல்லைங்க! அவனுக்கு அது இல்லவே இல்லை!" என்று கத்தினேன். ஜெசிந்தா "ஏசுவே, ஏசுவே" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பெரியசாமி ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார்.  இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பழனியம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "நான் பாக்கலாமுங்களா?"

காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். "இந்த நீலமா இருக்கறதெல்லாம் இவனுதுங்களா?" "ஆமாங்க, எல்லாம் இவனோடது." அவள் முகம் அப்போதுதான் அசைந்தது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"அப்ப என்னுது?"

எனக்குத் தயக்கமாக இருந்தது. அதில் என்ன இருக்கும் என்று ஓரளவு தெரியும். சாயம் தீர்ந்துவிட்டது, கெட்டுவிட்டது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை என்று சொன்னவள் அவள். வைத்துக் காட்டினேன்.

"பாதி நீலம், பாதி செவப்பாவே இருக்குதுங்களே. இதும் ஐஸ்ல கெட்டுப்போச்சுங்களா?"

"கெடலை. உங்க ரத்தத்துல ரெண்டு மாதிரியும் இருக்கு. உங்களுக்கு அதனால ஒரு குறையும் வரலை. வயித்துல வர்ற பையனுக்கு ரெண்டுல ஒண்ணுதான் போகும். எது போகும்னு உங்க கையிலயும் இல்லை, யாரு கையிலயும் இல்லை. மூத்தவனுக்கு அந்தச் சிவப்பு போச்சு. இவனுக்கு நீலம் வந்துச்சு."

"பாலு இல்லீங்களா?"

"பால் இல்லைங்க. பாலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"நெசமாலுங்களா?"

"நிஜமாத்தான். கண்ணால பாக்கறீங்களே. அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவானது அது."

சுவரோரம் இருந்த பெரியசாமியிடம் திரும்பி, "கேட்டீங்களா, பாலு இல்லையாமுங்க" என்றாள். அவர் துண்டுக்குள்ளிருந்தே தலையை ஆட்டினார். குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. அவள் அங்கேயே, எங்கள் நடுவிலேயே, சேலையை ஒதுக்கி அவனை மாரில் போட்டுக்கொண்டாள். அவன் சப்புகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அப்படியே குனிந்து மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"இந்தச் செவப்பா இருக்கறது, பெரியவனுதுங்களா?"

"ஆமாங்க. அவனோடது மாதிரிதான்."

"சித்த பாத்துக்கறனுங்க."

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வெளியே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது, ஹாரன் இரண்டு தடவை அடித்தது. ஜெசிந்தா வராண்டாவுக்குப் போய், "பாய், சித்த பொறுங்க. பாத்துக்கிட்டு இருக்கறாங்க" என்றார்.

சாதிக் பாய் என்ஜினை அணைத்தார்.